அடிபடாமல் சிலம்பம் பழகுவது எப்படி

வயது 35 தாண்டிவிட்டது, இனிமேல் சிலம்பம் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். முடியும். நான் 38 வயதில் தொடங்கினேன். தொடங்கிய நாலாவது மாதமே வலது மணிக்கட்டைக் கெடுத்துக்கொண்டு ஆறு வாரம் திண்ணையில் உட்கார்ந்து மற்றவர்கள் சுற்றுவதை வேடிக்கை பார்த்ததும் நான்தான். அந்த ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டதுதான் இங்கே பாதி.

முதலில், கம்பு வாங்காதீர்கள். ஆசானைத் தேடுங்கள். ஊருக்கு ஊர் வாத்தியார் என்பார்கள், நெல்லை, குமரிப் பக்கம் ஆசான் என்பார்கள், நகரத்தில் மாஸ்டர் என்றே ஆகிவிட்டது. யாராக இருந்தாலும் சேருவதற்கு முன்னால் ஒரு மாலை போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். நன்றாகச் சுற்றுகிற மூத்த மாணவனைப் பார்க்க வேண்டாம், போன மாதம் சேர்ந்த பையன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று பாருங்கள். அவன் வெறுங்கையோடு காலடி வைத்துக்கொண்டிருந்தால் நல்ல இடம். சேர்ந்த வாரமே தலைக்கு மேல் கம்பைச் சுழற்றி அம்மா அப்பாவுக்கு வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். பிள்ளைகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார், முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, ஒருத்தன் விரலில் பட்டுவிட்டால் ஆட்டத்தை நிறுத்துகிறாரா அல்லது 'ஒன்றும் ஆகாது, சுத்துடா' என்கிறாரா, இவ்வளவு தெரிந்தால் போதும். சில இடங்களில் கராத்தே மாதிரி கலர் பெல்ட் கொடுக்கிறார்கள். பழைய முறையில் அது கிடையாது. பிள்ளைகளுக்கு உற்சாகம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், அதை வைத்து உங்கள் வளர்ச்சியை அளக்காதீர்கள்.

சரி, கம்பு. மூங்கிலும் உண்டு, பிரம்பும் உண்டு. மூங்கில் அடி தாங்கும், ஆனால் காய்ந்தால் நெடுகப் பிளக்கும், பிளந்த இடம் கத்தி மாதிரி. பிரம்பு வளைந்து கொடுக்கும், பிளக்காது, முனைகள்தான் அடிபட்டு அடிபட்டு நார் நாராகத் தும்புவிடும். உயரம் பெரும்பாலும் நெற்றி அளவு என்று வைப்பார்கள், ஆசானுக்கு ஆசான் இரண்டு மூன்று விரல் வித்தியாசம் இருக்கும், அவர் சொல்வதையே கேளுங்கள். பருமனில்தான் எல்லோரும் தவறு செய்கிறோம். கனமான கம்பு வீரமாகத் தெரியும், தொடக்கத்தில் அது மணிக்கட்டுக்கு எமன். பிடித்தால் விரல்கள் சுற்றி வந்து கட்டை விரலைத் தொட வேண்டும். குழந்தைக்குப் பெரியவர் கம்பை வெட்டிக் கொடுத்தால் உயரம்தான் குறையும், பருமன் அப்படியே இருக்கும். அவர்களுக்கு மெல்லியதாகத் தனியே வாங்குங்கள்.

தினமும் எடுக்கும்போது பழைய வேட்டித் துணியைக் கம்பின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டிப் பாருங்கள். எங்கே துணி மாட்டுகிறதோ அங்கே சிராய் இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மெல்ல எண்ணெய் தடவலாம், நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ, ஆனால் துடைத்துவிட வேண்டும், வழுக்கினால் கம்பு பறக்கும். அப்புறம் செங்குத்தாகப் பிடித்துத் தரையில் ஒரு தட்டு. நல்ல மூங்கில் கணீரென்று ஒரே சத்தமாகக் கேட்கும், விரிசல் விட்டது கரகரவென்று இரண்டு சத்தம் போடும். அதைச் செடிக்கு முட்டுக் கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் செம்மண் தரையாகவோ லேசான மணலாகவோ அமைந்தால் பாக்கியம். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு தினமும் குதித்தால் குதிகால் வலி வந்தே தீரும், வேறு வழியில்லை என்றால் மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ போட்டுக்கொண்டு குதிப்பதைக் குறையுங்கள். மொட்டை மாடியில் பழகுகிறவர்கள் துணிக்கொடி, தண்ணீர்க் குழாய், முக்கியமாக மின்கம்பி, மூன்றையும் பார்த்த பிறகு கம்பைத் தூக்குங்கள். ஈரக் கம்பு மின்கம்பியில் பட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கையை நீட்டிக் கம்பின் நுனியால் சுற்றிலும் ஒரு வட்டம் போடுங்கள், அந்த வட்டத்துக்கு வெளியே இன்னும் நாலைந்து அடி யாரும் நிற்கக் கூடாது. வியர்வைக் கையிலிருந்து நழுவும் கம்பு எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. மோதிரம், கைக்கடிகாரம், வளையல், கொலுசு எல்லாம் வீட்டில். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் கழற்றிவிடுங்கள்.

நேரம் காலை ஏழு மணிக்குள், அல்லது மாலை ஐந்துக்கு மேல். அக்னி நட்சத்திரத்தில் பத்து மணி வெயிலில் சுற்றித் தலைசுற்றி விழுந்தவனை 'உடம்பு தேறலை' என்று கேலி செய்வார்கள். உடம்பில் குறையில்லை, தண்ணீர் போதவில்லை. உப்புப் போட்ட நீராகாரம் ஒரு செம்பு போதும், விலை உயர்ந்த பானம் எதுவும் தேவையில்லை.

கம்பைத் தொடுவதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் உடம்பைச் சூடாக்க வேண்டும். கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றையும் மெதுவாகச் சுழற்றி, பிறகு பஸ்கி, தண்டால். முழங்கால் வலி இருப்பவர்கள் பஸ்கியைப் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம், ஆசானிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். சிலம்பம் கையில் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறோம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது கம்பு. ஆனால் அது காலில் இருக்கிறது. வணக்க முறை, சலாம் வரிசை முடிந்ததும் காலடிதான் பாடம், அதை ஒரு மாதமும் வைப்பார்கள், மூன்று மாதமும் வைப்பார்கள். எங்கள் வாத்தியார் தரையில் கோலமாவால் ஒரு சதுரம் போட்டு நாலு மூலைக்கும் கால் மாற்றி மாற்றி நடக்க வைப்பார், இரண்டாவது வாரத்திலேயே எனக்கு அலுத்துவிட்டது. பிறகுதான் புரிந்தது. உடம்பு எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு முழுதாகப் போகாவிட்டால், வீச்சுக்கு வேண்டிய வேகத்தைத் தோளும் மணிக்கட்டும் கொடுக்க வேண்டியிருக்கும், அவை அதற்காகப் படைக்கப்பட்டவை அல்ல. இடுப்பு திரும்பினால் கம்பு தானாக வரும். திரும்பும்போது முன்னங்காலைத் தரையில் ஊன்றியபடியே முழங்காலை மட்டும் திருகாதீர்கள், பாதமும் கூடவே திரும்ப வேண்டும். முழங்கால் போவது பெரும்பாலும் இந்த ஒரு பழக்கத்தால்.

கம்பு கைக்கு வந்த பிறகு இடது கையில் தொடங்குங்கள். வலது கை எப்படியும் கற்றுக்கொள்ளும். ஒரு கைக்கு 20 சுற்று, இளைப்பாறல், மறுகைக்கு 20, அப்படி மூன்று நாலு முறை. வாரத்துக்கு ஐந்து ஐந்தாகக் கூட்டினால் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா, கூட வந்த கல்லூரிப் பையன் 300 சுற்றுகிறான் என்று ஒரே நாளில் நானும் 300 சுற்றினேன். மறுநாள் காலை டம்ளரைத் தூக்க முடியவில்லை.

வலியில் இரண்டு வகை இருக்கிறது, பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். தசை முழுக்கப் பரவலாக வலிக்கும், உடம்பு சூடானதும் குறையும், இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்றால் அது பயிற்சி வலி, பயப்பட வேண்டாம். விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஒரே இடத்தில் வலி, வீக்கம், ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது, இதெல்லாம் காயம். மணிக்கட்டுக்கு ஒரு சோதனை: கட்டை விரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். கட்டை விரலின் அடியில் சுரீரென்று இழுத்தால் அங்கே தசைநார் உறை வீங்கியிருக்கலாம். கம்பைக் கீழே வைத்துவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அந்த நாட்களில் காலடி பழகலாம், அதற்கு மணிக்கட்டு வேண்டாம்.

சுளுக்கு என்றால் முதல் இரண்டு நாள் சூடான எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், அழுத்திக் கட்டும் துணி, காலைத் தூக்கி வைத்து ஓய்வு. எலும்பு சந்தேகம் இருந்தால் கட்டுப் போட ஓடுவதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். கட்டுக்காரர் கைராசிக்காரராகவே இருக்கட்டும், உள்ளே எலும்பு எந்தத் திசையில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு கட்டினால் அவருக்கும் நல்லதுதானே.

ஜோடிப் பயிற்சி தொடங்கும்போது முதல் மாதங்களில் சொல்லி அடிக்க வேண்டும்: தலைக்கு வருகிறேன், தோளுக்கு வருகிறேன், காலுக்கு வருகிறேன். எதிராளியின் கம்பைத் தேடி அடியுங்கள், விரலைத் தேடாதீர்கள். ஆனாலும் விரல் கணுவில் படும், அது இந்தக் கலையின் வரி. பாவலா காட்டி ஏமாற்றி அடிப்பது அழகான வித்தை, ஆனால் உங்களைவிடக் குறைவாகப் பழகியவரிடம் அதைக் காட்டாதீர்கள், அவர் பயந்து கண்ணை மூடிக்கொண்டு வீசுவார், அப்போது அடிபடப் போவது நீங்கள். வேகம் கூடும் நாளிலிருந்து தலைக்கவசம் இல்லாமல் ஆடக் கூடாது, போட்டியில் மட்டும் போட்டுக்கொண்டால் போதும் என்ற எண்ணம் வேண்டாம்.

தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, 'நல்லாத்தான் இருக்கேன்' என்றாலும் முடிந்தது. வாந்தி, தூக்கக் கலக்கம், சொன்னதையே திரும்பச் சொல்வது, கூடிக்கொண்டே போகும் தலைவலி, இதில் எது தெரிந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. கண்ணில் பட்டால் கசக்கவோ அழுத்தவோ கூடாது, கண் மருத்துவர்தான். சிராய் ஆழமாக ஏறினால் டிடி ஊசி எப்போது போட்டது என்று யோசியுங்கள்.

உடம்பில் அடிபட்டால் ஆபத்தாகும் இடங்களான வர்மம் பற்றிக் கேட்பீர்கள். குமரி மரபில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம், ஆக 108 என்று கணக்கு. அதைப் பல ஆண்டுகள் கூடவே இருந்து, அடியும், அடிபட்டவரைத் தெளியவைக்கும் இளக்கு முறையும் சேர்த்துத்தான் ஆசான்கள் சொல்லிக் கொடுப்பார்கள். யூடியூப் பார்த்து நண்பன் கழுத்தில் அழுத்திப் பார்க்கிற வேலை வேண்டாம்.

தீப்பந்தமும், நாடா போல் வளையும் சுருள்வாளும் அதே மாதிரிதான், சில ஆண்டுகள் கழித்து வரட்டும். சுருள்வாள் சுற்றுகிறவனையே திரும்பி வந்து வெட்டும். பந்தம் சுற்றும்போது பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும், மண்ணெண்ணெயில் நனைத்த துணியைப் பிழிந்து சொட்டு நிற்கும் வரை காத்திருக்க வேண்டும், ஈரச் சாக்கோடு ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இதோடு ஓர் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதுக் குழந்தையைப் பானை மேல் நிற்க வைத்து, ஆணிப் பலகை மேல் நிற்க வைத்து, மூன்று மணி நேரம் நிற்காமல் சுற்ற வைத்து உலக சாதனைச் சான்றிதழ் வாங்குகிறார்களே, அதில் சிலம்பம் எங்கே இருக்கிறது? ஒரே வீச்சை மூன்று மணி நேரம் செய்தால் வளர்கிற எலும்புக்கும் தோளுக்கும் என்ன ஆகும் என்று பக்கத்தில் நின்று கைதட்டுகிறவர்கள் யோசிப்பதே இல்லை.

சான்றிதழ் ஆசை புரியாமல் இல்லை. 2021-ல் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தது, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் செயல்விளக்க ஆட்டமாகவும் இடம்பிடித்தது. அதற்குப் பிறகு பிள்ளைகள் கூட்டம் கூடியிருக்கிறது, நல்லதுதான். போட்டிக்குப் போகிறவர்கள் தொடுமுறை (கம்பால் எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுப்பது), எல்லைக்கோடு, நேரக் கணக்கு என்று விதிகளைத் தனியாகப் பழக வேண்டும். ஆனால் போட்டிக்கு முந்தைய வாரம் புது வீச்சு எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம், கோயில் திருவிழா ஊர்வலத்துக்கும் இதே விதிதான். ஊர்வலத்தில் தார்ச்சாலை சுடும், மேளச் சத்தத்தில் ஆசான் குரல் கேட்காது, குழந்தை குறுக்கே ஓடும், குடித்துவிட்டு ஒருவர் நானும் சுற்றுவேன் என்று உள்ளே வருவார். கயிறு பிடித்து வட்டம் காக்க நாலு பேர் இல்லையென்றால் ஆடாதீர்கள்.

தேறுகிறோமா இல்லையா என்று எப்படித் தெரியும்? மாதத்துக்கு ஒருமுறை போனைத் தரையோடு தரையாக வைத்து, இடுப்புக்குக் கீழே மட்டும் வீடியோ எடுங்கள். கம்பு தெரியவே வேண்டாம். முதல் தடவை பார்க்கும்போது அவமானமாக இருக்கும், எனக்கு இருந்தது. ஆறாவது மாதம் வாக்கில் எல்லோருக்கும் ஒரு தேக்கம் வரும், கை வேகமாகிவிடும், கால் சோம்பேறியாகிவிடும், ஆனால் பார்க்கிறவர்கள் பாராட்டுவார்கள். அந்தச் சமயத்தில் பாதி வேகத்துக்கு இறங்கிவிடுங்கள். மெதுவாகச் சுற்றுவது வேகமாகச் சுற்றுவதைவிடக் கஷ்டம், செய்து பார்த்தால் தெரியும். வாரம் மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தாராளம். ஏழு நாளும் வந்து மூன்றாவது மாதத்தில் காணாமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பரீட்சை, பிரசவம், வெளியூர் வேலை என்று இடையில் விட்டுப் போகும். திரும்பி வரும்போது விட்ட இடத்தில் தொடங்க வேண்டாம். முதல் வாரம் காலடி மட்டும், இரண்டாவது வாரம் பழைய கணக்கில் பாதி. பரணில் கிடந்த கம்பு இதற்குள் காய்ந்து வெடித்திருக்கும், அந்த வேட்டித் துணியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையில் எடுங்கள்.