அலங்கார ஊர்தி கட்டும்போது குடும்பங்கள் செய்யும் தவறுகள்

ஊர்வலத்துக்கு ஊர்தி கட்டலாம் என்று குடும்பமாக உட்கார்ந்தால், என்ன கரு, என்ன நிறம், மேலே யார் நிற்பது என்றுதான் பேச்சு போகும். வண்டியின் பேச்சு கடைசியில் வரும். பாதித் தவறுகளுக்கு இதுதான் காரணம். நாம் கட்டுவது மேடை இல்லை. அது நகரும், குலுங்கும், திரும்பும், சட்டென்று நிற்கும்.

அதனால் டிரெய்லரை நேரில் அளக்காமல் ஒரு பலகையைக்கூட அறுக்காதீர்கள். உயரத்தைக் கணக்கிடும்போது, மேலே நிற்பவர் கையைத் தூக்கினால் எவ்வளவு வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர்வலப் பாதையை ஒருமுறை நடந்து பார்த்து, குறுக்கே போகும் மின்கம்பி, தாழ்ந்த கிளை, பாலம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். கட்டும் கொட்டகையின் வாசலையும் அளந்துவிடுங்கள். வேலை முடிந்தபின் வெளியே எடுக்க முடியாமல், ஆசையாகக் கட்டிய கோபுரத்தை அறுக்க நேர்வது பெரிய வேதனை.

பெரிய பிளைவுட் தட்டி காற்றில் பாய்மரம் மாதிரி இழுக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். முடிந்த இடங்களில் பலகைக்குப் பதில் கம்பி வலையில் காகிதப் பூக்களைச் செருகுங்கள். எடையையும் கவனியுங்கள். கனமானவற்றை எல்லாம் வால்பக்கம் ஏற்றினால் டிரெய்லரின் முன்பக்கம் தூக்கும், ஓட்டும்போது அலையும். எடை சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் இருப்பதே நல்லது.

சக்கரத்தை மறைக்கக் கட்டும் துணி அழகுதான். ஆனால் தரையைத் தொட்டால் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். ஒரு சாண் மேலேயே நிறுத்துங்கள். அந்த மறைப்புக்குள் ஜெனரேட்டரை வைப்பதுதான் நான் மிகவும் பயப்படும் தவறு. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மேலே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தலை சுற்றினால் வெயில் என்று நினைத்துவிடுவோம். விளக்குக்கு பேட்டரி போதும்.

அடுத்தது, பிடிக்க ஒன்றும் இல்லாமல் ஆட்களை நிற்க வைப்பது. ஊர்தி நடை வேகத்தில்தானே போகிறது, விழமாட்டோம் என்று தோன்றும். ஆனால் ஓட்டுநர் பிரேக்கை லேசாக மிதித்தாலே, இரண்டு கையாலும் கூட்டத்துக்குக் கையசைப்பவர் முன்னால் சாய்ந்துவிடுவார். நிற்பவர் ஒவ்வொருவருக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடி வேண்டும். அதை அலங்காரத் தட்டியில் இல்லை, அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்குங்கள். சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்தே வரட்டும். மேலிருந்து மிட்டாய் வீசவே வேண்டாம். பொறுக்க ஓடிவரும் பிள்ளை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. கொடுக்க ஆசை இருந்தால், ஊர்தியோடு நடந்து வருபவர்கள் ஓரமாகப் போய்க் கையில் கொடுக்கட்டும். சக்கரங்களின் பக்கத்திலும் பெரியவர் ஒருவராவது நடக்க வேண்டும்.

பொருட்களில் ஒரு எச்சரிக்கை: தெர்மாகோலில் சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி விழுந்து கரையும். நாள் முழுக்கச் செதுக்கிய யானையின் தும்பிக்கை போய்விடும். தண்ணீரில் கலக்கும் பெயின்ட் வாங்குங்கள். முதலில் ஒரு துண்டில் பூசிப் பாருங்கள்.

சரி, குடும்பத்துக்குள் நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் ஒட்டிய பூ கோணலாக இருக்கிறது என்று, அவர்கள் தூங்கியபின் பெரியவர்கள் பிய்த்துத் திருத்தி ஒட்டுவது. காலையில் வந்ததும் அவர்கள் தேடுவது தாங்கள் ஒட்டியதைத்தான். தெருவோரத்தில் நிற்பவருக்கு அந்தக் கோணல் தெரியவே தெரியாது. பிள்ளைக்குத் தெரியும். அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பக்கத்தை முழுசாக அவர்களிடமே விட்டுவிடுங்கள். சூடான பசைத் துப்பாக்கியும் கம்பி வெட்டும் வேலையும் மட்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

முந்தின நாளே ஆட்கள் ஏறாமல் ஊர்தியைக் கொஞ்ச தூரம் இழுத்துப் பாருங்கள். மேடு பள்ளத்தில் ஏற்றி, ஒரு திருப்பத்திலும் திருப்புங்கள். அப்புறம் போல்ட்டுகளை மறுபடி முடுக்குங்கள். ஊர்வல நாளில் வரிசையில் காத்திருக்கும் நேரம் ஊர்வலத்தைவிட நீளமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு தண்ணீர், தொப்பி, கேபிள் டை, கத்தரிக்கோல், தீயணைப்பான் எல்லாவற்றையும் எட்டும் இடத்தில் வையுங்கள். கிளம்பும் முன் பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப் போய் வந்துவிடுங்கள். நடுவழியில் இறக்கிவிட முடியாது.