சட்டத்தைத் திருத்துகிறவர்கள் கடைசிப் பக்கத்தையும் வாசியுங்கள்

பெண்களுக்குச் சம உரிமைச் சட்டம் கொண்டு வருகிறோம் என்று எம்.பி.மார் திருகோணமலை மேடைகளில் பேசும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது கந்தளாய், அல்லைப் பக்கத்துப் பேர்மிட் காணிகள்தான், அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள்.

இந்தக் காணிகளுக்கான, 1935இல் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் முன்பக்கங்களைப் பார்த்தால் பெரிதாகக் குற்றம் தெரியாது. விஷயம் வாலில், மூன்றாம் அட்டவணையில் இருந்தது. காணிக்காரர் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பின் காணியைப் பெறுபவரை, எழுதி வைக்காமல் இறந்து, வாழ்க்கைத் துணையும் இல்லையென்றால் காணி யாருக்கு என்று சொல்லும் பட்டியல் அது: முதலில் மகன், அப்புறம் மகள், பேரன், அப்புறம் பேத்தி, தகப்பன், அப்புறம் தாய். தகப்பனைக் கடைசிவரை பார்த்து, வயலையும் செய்த மூத்த மகள் ஒதுங்கி நிற்க, எங்கோ வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்குக் காணி போகும். இந்த வரிசையை மாற்ற 2022 வரை, 87 வருடம் எடுத்தது. அட்டவணையை வாசிக்காமல் கை தூக்குவதுதான் முதல் தவறு.

புதுச் சட்டம் வந்தால் பழையது தானாகச் செத்துவிடும் என்று நம்புவது அடுத்தது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது, சரி, ஆனால் 16ஆம் உறுப்புரை அதற்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் செல்லும் என்று காப்பாற்றி விடுகிறது. அதனால் ஒவ்வொரு பழைய சட்டத்தையும் பெயர் சொல்லித்தான் திருத்த வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவரப் பார்த்த பால்நிலைச் சமத்துவச் சட்டமூலத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று 2024இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு, தேசிய மகளிர் ஆணைக்குழுவை அமைக்கும் சட்டம் நிறைவேறியது.

குழு போட்டுவிட்டு மறப்பதும் பழைய வியாதி. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி பெண் காதியாக, அதாவது முஸ்லிம் விவாகரத்து வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாக, முடியாது. அதை ஆராய 2009இல் நியமித்த குழுவின் அறிக்கை 2018இல்தான் வந்தது. இதில் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: முஸ்லிம்களைத் திட்ட வசதியான காரணமாக இந்தச் சட்டத்தைக் கையில் எடுப்பது. அப்போது மூதூரிலோ கிண்ணியாவிலோ மாற்றம் கேட்கும் பெண்ணுக்குத்தான் ‘காட்டிக்கொடுத்தவள்’ என்ற பட்டம்.

திருத்தம் நிறைவேறியதும் வேலை முடிந்தது என்று கொழும்பில் நினைப்பார்கள். படிவத்தை யாரும் பார்ப்பதில்லை. பொலித்தீன் பைக்குள் பத்திரங்களை மடித்துக்கொண்டு வரும் கைம்பெண், ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தில் இறந்துபோன கணவரின் பெயரை எழுதுவதா தன் பெயரை எழுதுவதா என்று வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிறார்.