வாண்டாவை வெயில் கொல்வதில்லை

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ஆர்க்கிட் என்றாலே ஊட்டிச் சமாச்சாரம் என்ற நினைப்பு இருக்கிறது. ஆனால் நம் சமவெளி மாமரத்திலும் புளியமரத்திலும் தானாகத் தொற்றி வளரும் ஆர்க்கிட் ஒன்று உண்டு, வாண்டா டெசெல்லாட்டா. மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்ட பூ, நடுவில் நீல நாக்கு, கிட்டப் போனால் நல்ல வாசனை. கத்திரி வெயிலுக்குப் பழகிய இந்தச் செடியை வீட்டுக்குக் கொண்டுவந்த ஆறே மாதத்தில் சாகடித்துவிடுகிறோம், நான் உட்பட.

சிலர் அதற்கும் முந்தியே, புல்லுருவி என்று நினைத்து வெட்டி எறிந்துவிடுகிறார்கள். புல்லுருவி கிளைக்குள் வேரை இறக்கிச் சாறு உறிஞ்சும். வாண்டா பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

நான் செய்த தவறு வேறு. கஜா புயலில் சாய்ந்த மாமரத்திலிருந்து எடுத்த செடியை, வண்டல் மண்ணும் தொழுவுரமும் போட்ட தொட்டியில் நட்டு, மல்லிகைக்கு ஊற்றுவது போல இரண்டு வேளையும் ஊற்றினேன். கொஞ்ச நாளில் வேர் கூழாகிவிட்டது. அந்த வேரின் மேல் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கும், நனைந்ததும் தண்ணீரை இழுத்துப் பச்சையாக மாறும், அப்புறம் காற்றில் காய வேண்டும், காயவிடாமல் மண்ணில் புதைத்தால் மூச்சு முட்டி அழுகும். மரச்சட்டக் கூடையில் நாலு கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போதும். தேங்காய் மட்டையை நிறைய அடைத்தால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது காயவே காயாது.

மரத்தில் கட்டுவதுதான் உத்தமம், ஆனால் எந்த மரம் என்று பார்க்க வேண்டும். கொய்யாவுக்குப் பட்டை உரியும், பிடித்த வேரும் கூடவே வந்துவிடும். வேம்பு வெயில் ஏறுகிற நேரம் பார்த்து இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். முருங்கை வேண்டவே வேண்டாம், கிளையும் ஒடியும், கம்பளிப்பூச்சியும் வரும். மா, பூவரசு நல்லது. காலை வெயில் படும் கிழக்குப் பக்கமாக, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுங்கள். செம்புக் கம்பி ஆர்க்கிடுக்கு நஞ்சு. கட்டுவதற்குச் சித்திரை வேண்டாம், ஆவணி, புரட்டாசி மழை ஈரத்தில் கட்டினால் வேர் சீக்கிரம் பிடிக்கும்.

தண்ணீர் விஷயத்தில் நேரம் முக்கியம். மதியம் வாடியிருக்கிறதே என்று இரக்கப்பட்டு, மொட்டைமாடித் தொட்டியில் கொதித்துக் கிடக்கும் தண்ணீரைக் குழாய் வழியே பீய்ச்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்! காலை 7 மணிக்குள் ஊற்றுங்கள், கத்திரியில் சாயங்காலமும் ஒரு தடவை, ஆனால் குருத்தில் தேங்கிய நீர் இருட்டுவதற்குள் காயும்படி. வேதாரண்யம், நாகை பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேரில் வெள்ளையாகப் படிந்து நுனி கருகும். மழைநீரைப் பிடித்து வைத்திருந்தால் அதை இதற்குக் கொடுங்கள்.

நிழல்வலை என்றால் வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத வலை போதும். நடுப்பகலில் இலையைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் வெயில் அதிகம். இலை கரும்பச்சையாக, பூவே இல்லாமல் இருந்தால் நிழல் அதிகம். உரம் என்றால் தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் சமமாக உள்ள 19:19:19, லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. கைப்பிடி யூரியா போடுகிற பழக்கத்தை வயலோடு விட்டுவிடுங்கள்.

ஏற்காட்டுக்குப் போய்வந்தவர்கள் அங்கே பார்த்த மலை ஆர்க்கிடுக்கு ஆசைப்படுவார்கள். 1,500 மீட்டர் உயரத்து இரவுக் குளிரை மன்னார்குடியில் எங்கே கொடுப்பது? காட்டிலிருந்து பிடுங்கி வருவதும் வேண்டாம். காப்புக்காட்டில் அது குற்றம்.

தரையில் வளரும் யூலோஃபியா மாதிரி வகைகள் கோடையில் இலையை உதிர்த்துவிட்டுக் கிழங்காக உறங்கும், அப்போது தண்ணீர் கூடாது. என் வீட்டில் தொட்டி காலி என்று நினைத்து அம்மா அதில் முளைக்கீரை விதைத்துத் தினமும் தண்ணீர் தெளித்தார். கிழங்கு அழுகிவிட்டது. கீரை நன்றாக வந்தது.