கச்சான் காற்றில் நடுங்கிய இறக்கைகள்

கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வலுவாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில், வாலிநோக்கம் உப்பளங்களுக்கு அப்பாலுள்ள வெட்டவெளியில் ரேடியோவால் இயக்கும் என் ஃபோம் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டபோது, சுழற்சியை உணர்ந்து தானாகவே திருத்தி விமானத்தை நிலைப்படுத்தும் ஜைரோ கருவி இருந்தும், எதிர்காற்றை மீறி முன்னேற த்ராட்டிலை, அதாவது மோட்டாரின் விசையை, கூட்டியவுடன் இறக்கைகள் படபடவென நடுங்கின. வேகம் குறைந்ததும் நடுக்கம் அடங்கியது.

ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க, இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) தரும் விசை காற்றுவேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், மெதுவான பறத்தலுக்குப் பொருந்திய கெயின் (ஜைரோ எவ்வளவு வலுவாகத் திருத்துகிறது என்ற அளவு) வேகமாகப் பறக்கையில் மிகையாகி, ஜைரோ தன் திருத்தத்தையே மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டிருந்தது. கெயினை டிரான்ஸ்மிட்டரின் குமிழ் ஒன்றுக்கு மாற்றி, போதிய உயரத்தில், முழு வேகத்தில் நடுக்கம் தொடங்கும் வரை உயர்த்திப் பார்த்து, அது முற்றிலும் மறையும் அளவுக்குக் குறைத்து வைத்தேன். ஏலரானை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் தளர்ந்திருந்த கம்பியை மாற்றியதும் உதவியது.

பறக்குமுன் விமானத்தைக் கையால் வலப்பக்கம் சாய்த்தால் வலது ஏலரான் கீழிறங்க வேண்டும். திசை தலைகீழாக இருந்தால் கருவியே விமானத்தைக் கவிழ்த்துவிடும்.

ஜைரோ சுழற்சியை மட்டுமே உணர்கிறது. காற்று விமானத்தை மொத்தமாகப் பக்கவாட்டில் தள்ளுவதை அது அறியாது. ஆகவே பக்கக்காற்றில் இறங்கும்போது மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி வைப்பது நம் விரல்களின் வேலையே. ஜைரோவில் விமானத்தின் நிலையைப் பிடித்து நிறுத்தும் முறை, வேகம் குறையும் நேரத்திலும் மூக்கைத் தாழவிடாமல் ஸ்டாலுக்கு (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலைக்கு) இட்டுச்செல்லக்கூடும் என்பதால், தரையிறக்கத்துக்கு, நிலையைப் பிடிக்காமல் சுழற்சியை மட்டும் அடக்கும் ரேட் முறையையே பயன்படுத்துகிறேன்.