தகர ஷெட் ஒழுகுகிறதா? சிலிக்கான் ட்யூபைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஷெட் போட்டு, கீழே இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு கிடந்த மூன்று தையல் மெஷின்களையும் மேலே ஏற்றினோம். சித்திரையில் போட்ட ஷெட். அந்த வருடம் கோடை மழை தூறலோடு போய்விட்டதால் எதுவும் தெரியவில்லை. ஐப்பசியில் வந்த முதல் பெருமழைக்கே ஒழுகியது. தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. ஹேங்கரில் மாட்டியிருந்த வெளிர் மஞ்சள் பட்டு ரவிக்கையின் தோளில், தகர ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப்பின் துருவோடு தண்ணீர் சொட்டி, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறை. அது புடவையோடு வந்த துணி. கடை கடையாக ஏறி இறங்கினாலும் அதே துணி கிடைக்குமா? அந்த அம்மாவின் முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

ஷெட் போட்டவர் மூன்று முறை வந்தார். ஒவ்வொரு முறையும் சிலிக்கான் ட்யூபோடு வந்து, சொட்டும் இடத்துக்கு நேர் மேலே பூசிவிட்டு, "இனி ஒழுகாதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மழை தாங்கும். அடுத்த மழையில் இரண்டடி தள்ளி ஒழுகும். கடைசியில் வெல்டராக இருக்கும் என் கொழுந்தன் வந்து ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மதினி, சொட்டுற இடம் வேற, நுழையிற இடம் வேற" என்றார். நான்கு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்து சரிசெய்தோம். அதில் தெரிந்துகொண்டதை, புது ஷெட்டுக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், மழை பெய்யும்போது மேலே ஏறவே ஏறாதீர்கள். ஈரத் தகரம் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். உள்ளே நின்று பாருங்கள். பைப் வழியாகத் தண்ணீர் வருகிறது, பக்கத்தில் வயர் ஓடுகிறது என்றால் அந்த அறையின் மெயினை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சொட்டு விழும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் வட்டமிட்டு, எப்போது சொட்டத் தொடங்கியது, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று எழுதிவையுங்கள். நான் அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். இரண்டு மழைக்குள் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

மழை பிடித்த உடனே சொட்டினால் பெரும்பாலும் ஸ்குரூ ஓட்டைதான். அரை மணி நேரம் கழித்துத் தொடங்கினால், ஷீட்டின் மேல் ஷீட் ஏறும் இடத்தில் தண்ணீர் எதிர்த்து ஏறுகிறது. இல்லையென்றால் ஓரத்து வாய்க்கால் தகரம் நிரம்பி உள்பக்கம் வழிகிறது. காற்றோடு அடிக்கும் மழைக்கு மட்டும் ஒழுகினால் சுவரும் ஷீட்டும் சேரும் இடத்தைச் சந்தேகப்படுங்கள். மழையே இல்லாமல் மார்கழி விடியற்காலையில் மட்டும் சொட்டினால் அது ஒழுகலே இல்லை. இரவில் குளிர்ந்த தகரத்தின் அடியில் அறையின் ஈரக்காற்று வேர்த்து நிற்கிறது. அதற்கு மேலே எதைப் பூசினாலும் பயனில்லை. காற்று போக வழி வேண்டும். நான் இஸ்திரிப் பெட்டியின் ஆவி வெளியேற மேல் ஓரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினேன், சொட்டுவது நின்றுவிட்டது.

மழைக்காகக் காத்திருக்க முடியாதவர்கள் ஹோஸ் வைத்துச் சோதிக்கலாம். ஷீட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒருவர் வெளியே, நனைந்த ஷீட்டில் கால் வைக்காமல்; ஒருவர் உள்ளே. தண்ணீரைக் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பகுதியாகப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, மெல்ல மேலே போக வேண்டும். எடுத்ததும் உச்சியில் விட்டால் ஷீட் முழுக்க நனைந்து, எது வழியாக நுழைந்தது என்று கடைசி வரை தெரியாது. பீய்ச்சி அடிக்காமல் மழைபோல் விழ விடுங்கள். உள்ளே இருப்பவர் சொட்டைக் கண்டதும், பைப்பின் அடியில் விரல் வைத்து ஈரம் தொடங்கும் இடம் வரை வாட்டத்தின், அதாவது சரிவின், மேல்பக்கமாகப் போக வேண்டும். எங்கள் வீட்டில் மெஷின் மேல் சொட்டிய தண்ணீர் ஏழடி தள்ளி நுழைந்து, பைப்போடு ஊர்ந்து வந்திருந்தது.

ஏறும்போது ரப்பர் அடி செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு, ஸ்குரூ வரிசை போகும் கோட்டின் மேல் மட்டும் கால் வையுங்கள். அதன் கீழேதான் பைப் இருக்கிறது. நடுவில் மிதித்தால் ஷீட் நெளிந்து புதிதாக ஒரு பள்ளம் உண்டாகும். வெயிலுக்கு முன் காலையிலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

ஸ்குரூவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். நாங்கள் கண்டதில் முக்கால்வாசிக் குற்றம் அதில்தான். ஒவ்வொரு ஸ்குரூவின் தலைக்குக் கீழும் தகர வாஷரும் அதன் அடியில் கறுப்பு ரப்பரும் இருக்கும். தண்ணீரை நிறுத்துவது அந்த ரப்பர்தான். குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். ரப்பர் தகர வாஷரின் விளிம்பில் லேசாக எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுந்தியிருந்தால் சரி. பிதுங்கி வெளியே வந்து, சுற்றி ஷீட் குழிந்திருந்தால் ஸ்குரூ இறுக்கும் டிரில் மெஷினை அளவுக்கு மேல் அழுத்தியிருக்கிறார்கள். ரப்பர் சீக்கிரம் கிழியும், குழியில் தண்ணீரும் நிற்கும். கையால் திருகினாலே சுற்றினால் இறுகவே இல்லை. சட்டைப் பட்டனும் அப்படித்தான்: இழுத்துத் தைத்தால் துணி சுருங்கும், தளர விட்டால் தொங்கும். ஸ்குரூ சாய்ந்து இறங்கியிருந்தால் வாஷர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இப்போது உள்ளே வந்து அண்ணாந்து பாருங்கள். பைப்பின் பக்கத்தில் ஸ்குரூ நுனி மட்டும் பளபளவென்று தொங்கினால், அது பைப்பையே பிடிக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் ஷெட்டில் அப்படிப் பதினொன்று. காற்றில் ஷீட் ஆடும்போதெல்லாம் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது. பைப்பைப் பிடித்தும் தளர்ந்துபோன ஸ்குரூவுக்குப் பதிலாக, 5.5 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 6.3 மில்லிமீட்டர் ஸ்குரூ புது வாஷரோடு போட்டால் பிடித்துக்கொள்ளும். பைப்பைத் தொடாத ஓட்டைக்கு, அதே ஷீட்டில் உள்ளங்கை அளவு துண்டு வெட்டி, அடியில் பியூட்டைல் டேப் (ரப்பர்போல் மெத்தென்று ஒட்டும் டேப்) ஒட்டி, நான்கு மூலையிலும் ரிவெட் அடித்தோம். ஸ்குரூவை ஷீட்டின் மேட்டில் அடிப்பது நல்லது, அதற்கேற்ற நீளமும் வேண்டும். தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். அங்கே அடித்தால் ஒவ்வொரு மழையிலும் வாஷர் தண்ணீருக்குள் கிடக்கும்.

அடுத்தது ஷீட்டோடு ஷீட் சேரும் இடம். எங்கள் ஷெட் வாட்டத்தின் வழியே 18 அடி. கம்பெனியிலேயே வேண்டிய நீளத்துக்கு வெட்டித் தருவார்கள். ஒரே நீளமாகப் போட்டிருந்தால் குறுக்கே இணைப்பே வந்திருக்காது. எங்களுக்கு மேலே 12 அடி, கீழே துண்டு ஷீட் என்று போட்டு, ஒன்றின் மேல் ஒன்று நான்கே அங்குலம் ஏற்றியிருந்தார்கள். வாட்டமும் பத்தாது. கொத்தனாரின் டியூப் மட்டம் வைத்துப் பார்த்தால் 18 அடிக்கு ஓரடிதான் இறக்கம். பத்தடிக்கு ஓரடி இறக்கினால் நிம்மதி. வாட்டம் குறையக் குறைய ஏற்று, அதாவது ஷீட்டின் மேல் ஷீட் ஏறும் அளவு, அதிகமாக வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் தண்ணீர் இடுக்கில் பின்னோக்கி ஏறும். தூணை உயர்த்த எங்களுக்கு வழியில்லை. அதனால் கீழ்த் துண்டுகளை எடுத்துவிட்டு, 7 அடி ஷீட்டாக வாங்கி, ஓரடி மேல் ஷீட்டுக்கு அடியில் நுழைத்து, நடுவில் இரண்டு வரிசை பியூட்டைல் டேப் வைத்து இறுக்கினோம்.

பக்கவாட்டு இணைப்பிலும் ஒன்று கவனியுங்கள். பல ஷீட்டுகளில் ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லிய காடி ஒன்று நீளமாக ஓடும். இடுக்கில் ஏறும் தண்ணீரை வாங்கி வடிய விடுவதற்காக வைத்தது. அந்த ஓரம் அடியில் இருக்க வேண்டும். தலைமாற்றிப் போட்டிருந்தால் காடி இருந்தும் பயனில்லை.

சுவர் ஓரத்துக்கு வருகிறேன். எங்கள் ஷீட் மாடிப்படி அறைச் சுவரில் போய் முட்டுகிறது. அந்தச் சந்தில் சிமெண்டைக் குழைத்து அப்பியிருந்தார்கள். மதுரையில் பாதி வீட்டில் இதைத்தான் செய்கிறார்கள். தயவுசெய்து செய்ய விடாதீர்கள். தகரம் வெயிலில் நீளும், மழையில் சுருங்கும்; 40 டிகிரி வித்தியாசத்துக்கு 18 அடி ஷீட் இரண்டரை மில்லிமீட்டர் அசையும். சிமெண்ட் அசையாது, விரிசல் விடும். அது போதாதென்று, ஈரச் சிமெண்டின் காரம் ஷீட்டின் துத்தநாக, அலுமினியப் பூச்சை அரித்துவிடும். நாங்கள் பெயர்த்து எடுத்தபோது அடியில் விபூதிபோல் வெள்ளைப் பொடி.

அங்கே வேண்டியது எல் வடிவத்தில் மடித்த பிளாஷிங் தகரம். சுவரில் அரை அடி ஏற வேண்டும், ஷீட்டின் மேல் தாராளமாகப் படிய வேண்டும். சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, தகரத்தின் மேல் விளிம்பை அதற்குள் மடித்துச் செருகி, அந்த வாயை மட்டும் சிலிக்கானால் அடைக்க வேண்டும். சுவர்ப் பூச்சின் மேலேயே தகரத்தை ஒட்டிச் சிலிக்கான் கோடு இழுத்தால் ஒரு கோடைக்குள் விட்டுவிடும்.

சிலிக்கானே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் போட வேண்டிய இடம் இப்படிச் சிலதுதான். வாங்கும்போது நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும் வகை ஷீட்டின் பூச்சை அரிக்கும். பழையதைச் சுரண்டி எடுத்து, துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். உள்பக்கமிருந்து எந்த ஓட்டையையும் அடைக்காதீர்கள். தண்ணீர் இரண்டு ஷீட்டுக்கும் நடுவில் தங்கி அங்கேயே துருவைக் கிளப்பும்.

துளை போட்ட இடத்தில் விழும் இரும்புத் தூளை அன்றைக்கே துடைப்பத்தால் கூட்டி எடுத்துவிடுங்கள். விட்டால் அடுத்த வாரமே செந்நிறப் புள்ளிகள் விழும். கிரைண்டரில் ஷீட் வெட்டவும் விடாதீர்கள், விளிம்பில் பூச்சு கருகிவிடும். தகரம் வெட்டும் கத்திரியால் வெட்டச் சொல்லுங்கள்.

இன்னும் ஷெட் போடாதவர்கள் பில்லில் நான்கு விஷயத்தை எழுதி வாங்குங்கள்: எத்தனை அடிக்கு எவ்வளவு வாட்டம், ஷீட் ஒரே நீளமா, ஏற்று எத்தனை அங்குலம், சுவர் ஓரத்துக்குப் பிளாஷிங் உண்டா. கடைசித் தவணையை ஒரு நல்ல மழை பார்த்த பிறகு தருவதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நான் வெயில் காலத்திலேயே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

இப்போது ஒவ்வொரு புரட்டாசியிலும், தீபாவளித் துணி குவிவதற்கு முன் ஒரு காலைப் பொழுதை இதற்கென்று ஒதுக்குகிறேன். பக்கத்து வீட்டு வேம்பின் சருகு வாய்க்கால் தகரத்தில் அடைத்திருக்கும். அதை வாரி எடுத்துவிட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கீழே பைப்பில் அது சரசரவென்று இறங்குகிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன். அப்புறம் ஸ்குரூ வரிசையோடு ஒரு நடை.