கராத்தே டிரெஸ்: சத்தத்துக்குக் கொடுத்த காசு

போன ஞாயிறு மும்பை சயானில் கராத்தே வகுப்பில், சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பையன் போனில் ஒரு டிரெஸ்ஸைக் காட்டி, "அண்ணே, இது பதினாலு அவுன்ஸ். எடுத்துரட்டா?" என்று கேட்டான். எனக்கு எரிச்சல்தான் வந்தது, அவன்மேல் இல்லை. பன்னிரண்டு வருடம் முன்னால் அதே கூத்தை அடித்தவன் நான். முதல் டிரெஸ் வாங்கும்போது செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்; நெஞ்சளவு பார்க்காமல் வாங்குவது மாதிரி எல்லாருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்.

கனமான துணி

கராத்தே டிரெஸ்ஸின் துணியை அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர கஜத்தின் எடை அது. 8 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 270 கிராம், 14 என்றால் சுமார் 475. கனமான கான்வாஸ் விறைப்பாக நிற்கும். குத்து முடிகிற இடத்தில் சட்டைக் கை 'டப்'பென்று அடிக்கும். சீனியர்கள் கட்டா (எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்யும் அசைவுகள்) செய்யும்போது கேட்ட அந்தச் சத்தத்தில் மயங்கித்தான் முதல் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தேன். சத்தம் வரவில்லை. குத்து கடைசியில் சடக்கென்று நின்றால்தான் துணி பேசும். புதுசாகச் சேர்ந்த வெள்ளை பெல்ட்காரன் கை எங்கே நிற்கிறது?

அதுகூடப் பரவாயில்லை. வாங்கியது ஜூன் மாதம். தாராவியில் ஒற்றை அறை வீடு, மழைக்காலத்தில் துணிக்கொடி உள்ளேதான். ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள் தொங்கியும் கழுத்துப்பட்டை ஈரமாகவே இருக்கும். வாரம் மூன்று வகுப்பு. ஈரத்தோடு போட்டுப் போனேன். வாடை தாங்காமல் பக்கத்தில் நின்றவர் வரிசை மாறினார். ஆகஸ்டில் கறுப்புப் புள்ளிகள். அம்மா கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்தார். பூஞ்சை போகவில்லை, முழுப் பருத்தி என்பதால் சுருங்கி, சட்டைக் கை மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே ஏறிவிட்டது. "பருத்தி சுருங்கும்னு தெரியாதா?" என்று கடைக்காரர் என்னையே கேட்டார்.

மும்பை ஈரத்துக்கு 8 அவுன்ஸில், பாலியஸ்டர் கலந்தது, இரண்டு செட் எடுங்கள். ஒன்று காயும்போது இன்னொன்று. பருத்திதான் வேண்டுமென்றால் சுருங்க இடம் விட்டு எடுத்து, பச்சைத் தண்ணீரில் மட்டும் துவையுங்கள்.

"வளர்ற பிள்ளைதானே"

இரண்டு அளவு பெரிதாக எடுக்கும் அப்பாக்களே, பேன்ட் காலைத் தடுக்கும். உலக கராத்தே சம்மேளன விதிப்படி நடக்கும் போட்டிகளில் சட்டைக் கை மணிக்கட்டைத் தாண்டக் கூடாது, பேன்ட் கணுக்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சுருட்டி விடவும் அனுமதி இல்லை. ஓர் அளவு பெரிது போதும். மிச்சத்தை 90 அடி சாலையில் ஏதாவது டெய்லரிடம் உள்மடிப்பாகத் தைத்துக்கொண்டு, பிள்ளை வளர வளரப் பிரித்து விடுங்கள்.

ஜூடோ டிரெஸ்

பிடித்து இழுப்பதற்காக நெய்த துணி அது. கராத்தேக்கு வேண்டாம்.

பெல்ட்

தனியாக வாங்கும் முன், வாங்கப்போகிற செட்டிலேயே வெள்ளை பெல்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முதுகில் டிராகன்

அந்த எம்பிராய்டரியை மாஸ்டர் பிரிக்கச் சொல்வார். பிரித்தாலும் ஊசித் துளை நிற்கும்.