காமாத்திபுராவில் நட்பு ஊழியம்: நான் செய்த தவறை நீங்களும் செய்யாதீர்கள்

பாலியல் தொழில் நடக்கும் மும்பை காமாத்திபுராவுக்கு, அங்கிருக்கும் பெண்களோடு நட்பாகப் பழகும் ஊழியத்துக்கென்று நம் ஊரிலிருந்து வரும் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். அன்பாகப் பேசு, அருவருப்பாகப் பார்க்காதே என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த மனசு இருப்பதால்தான் வருகிறார்கள். அந்த மனசோடு வந்தும் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்யும்போது வயிறு கலங்குகிறது.

சாயங்காலம் போவது

மத்தியானம் இரண்டிலிருந்து நாலுக்குள் போங்கள். அதற்கு முன்னால் தூக்கம், பிறகு தொழில்.

கர்வாலியைத் தாண்டிப் போவது

விடுதி நடத்துகிறவளை அங்கே கர்வாலி என்பார்கள். முதலில் அவளுக்கு வணக்கம் சொல்லுங்கள். அவளை மதிக்காமல் உள்ளே போனால், நீங்கள் படியிறங்கிய பிறகு ஏச்சு வாங்குவது நீங்கள் பார்க்கப் போன பெண். பல கர்வாலிகள் ஒரு காலத்தில் விற்கப்பட்டு வந்தவர்கள்தான்.

ஜெபக் கடிதத்தில் அவள் கதையை எழுதுவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஊழியத்துக்கு வந்த புதிதில், ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெண்ணோடு பழகினேன். காசநோய் மாத்திரையை ஆறு மாதம் விடாமல் சாப்பிட வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனேன். ஊரில் அம்மாவிடம் வளரும் மகளுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவாள். துணி கம்பெனியில் வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தாள்.

சபைக்கு எழுதிய ஜெபக் கடிதத்தில் அவள் கதையை எழுதினேன். பெயரை மாற்றினேன். படத்தில் முகம் இல்லை, ஜெபத்துக்குக் கூப்பிய கைகள் மட்டும். ஆனால் அவள் மாவட்டத்தின் பெயரை எழுதியிருந்தேன், கையில் பச்சை குத்தியது தெளிவாகத் தெரிந்தது. கடிதம் வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி அவள் அண்ணன் வரைக்கும் போய்விட்டது. அதன்பின் மகளை அவளோடு போனில் பேசவே விடவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. நான் போனால் திரையை இழுத்துவிட்டுக்கொள்வாள். எட்டு மாதம் அப்படித்தான் போனது.

"அக்கா, முகம் தெரியாமத்தானே எடுத்தேன்" என்று போன மாதம்கூட ஒரு தங்கச்சி சொன்னாள். முகம் வேண்டியதில்லை. வளையல், கட்டில் விரிப்பு, பேச்சில் வரும் ஊர்ப்பெயர், எதை வைத்தும் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். "அவளிடம் கேட்டுத்தான் எழுதினேன்" என்பதும் பதிலாகாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவளிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வாள்? தொழிலை விட்டு வெளியே வந்து மூன்று மாதம் ஆகாதவளை மேடையேற்றி சாட்சி சொல்லச் சொல்வதும் இதே தவறுதான். கைதட்டும் சபை வீட்டுக்குப் போய்விடும். எல்லாவற்றையும் மறுபடி கண்முன் கொண்டுவந்துவிட்ட அவளுக்கு அன்று ராத்திரி தூக்கம் வராது.

2022 மே 19 அன்று பாலியல் தொழிலாளர்கள் பற்றிய உத்தரவில் உச்ச நீதிமன்றம், போலீஸ் சோதனையிலும் மீட்பிலும் பிடிபடும் பெண்களின் படமோ அடையாளமோ ஊடகத்தில் வரக்கூடாது என்றது. செய்தித்தாளுக்கே அது கூடாதென்றால் நமக்கு மட்டும் எப்படி ஆகும்?

கடிதத்தில் உங்களைப் பற்றி எழுதுங்கள். எத்தனை தடவை ஆஸ்பத்திரி போனீர்கள், எதற்குப் பணம் வேண்டும், எதற்கு ஜெபம் வேண்டும் என்று எழுதுங்கள். கதை இல்லாவிட்டால் காணிக்கை குறையும், எனக்கும் குறைந்தது. குறையட்டும்.

அவளைக் கேட்காமல் மீட்கப் புறப்படுவது

18 வயதுக்குக் கீழே என்று தெரிந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள்: குழந்தைகள் உதவி எண் 1098, அல்லது போலீஸ். தெரிந்தும் சொல்லாமலிருப்பதே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி குற்றம். வயது வந்தவள் விஷயம் வேறு. அவள் கேட்காமல் சோதனைக்கு ஏற்பாடு செய்தால், மாஜிஸ்திரேட் உத்தரவில் காப்பகத்தில் அடைபடக்கூடும். கர்வாலியிடம் வாங்கிய கடனோ அப்படியே நிற்கும், ஊரிலிருக்கும் பிள்ளைக்குப் பணம் போகாது. வெளியே வந்ததும் அந்தக் கடனுக்காகவே அதே படியேறுவாள். ஆதார், வங்கிக் கணக்கு, பிள்ளைக்குப் பள்ளி, இரவில் பிள்ளை தூங்க ஓர் இடம், இவற்றுக்கு முதலில் அலையுங்கள்.

கொடுத்துக்கொண்டே இருப்பது

சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் தண்ணீர் கேட்டார். அவள் டீ வாங்கித் தந்தால் குடியுங்கள். காசு கொடுக்க முந்தாதீர்கள்.

வாரம் தவறுவது

செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றால் செவ்வாய்க்கிழமை அங்கே இருங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் முந்தின வாரமே சொல்லிவிடுங்கள், திரும்பி வரும் தேதியையும் சேர்த்து.